சித்தப்பா கொடுத்த கிருமிகள்

அன்பு மகள் ஜெஸிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நலம், அந்தக் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாலு மாதமாகப் போனில் அப்பாவுக்குத் தேவலை, தேவலை என்று பாதிப் பொய்தான் சொன்னேன், இன்றைக்குத்தான் மனசார எழுதுகிறேன்.

முழங்கால் ஆபரேஷன் புண்ணுக்குச் சாப்பிட்ட மாத்திரைகள் அப்பாவின் குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் கொன்றுவிட்டதும், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை வயிற்றோட்டமாகி ஆள் பாதியாகிவிட்டதும் உனக்குத் தெரியும். மூன்றாம் முறையும் அது திரும்பியபோது, ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தைச் சுத்தம் செய்து குழாய் வழியாக உள்ளே செலுத்துவதுதான் வழி என்றார் டாக்டர். எனக்குச் சர்க்கரை, அதனால் என்னுடையது ஆகாது. திருமங்கலத்து ஜூடு சித்தப்பாதான் பாக்கி. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அவர் பேர் விட்டுப்போன கோபத்தில் ஒன்பது வருஷமாக அண்ணனும் தம்பியும் பேசவில்லையே. அவன்கிட்டப் போயி இதையா கேக்கச் சொல்ற என்று அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அவருக்குச் சொல்லாமலே சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். இம்புட்டு நாளா ஏன் மதினி சொல்லல என்று மட்டும் கேட்டார், மறுநாள் காலையில் வாசலில் நின்றார். எல்லாப் பரிசோதனையும் முடித்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அப்பாவின் கட்டிலருகே போய், அண்ணே, வெக்கப்படாம வாங்கிக்கங்க என்றார். அப்பா சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அந்தக் கிருமிகள் தின்று சின்னச் சின்னப் பொருள்களை வெளியிடும், அவற்றுக்கென்றே குடல் செல்களில் சாவிக்குப் பூட்டு மாதிரி ஏற்பிகள் இருக்கின்றன, அவை போய்த் தொட்டால்தான் வீக்கத்தை அடக்கிச் சுவரைச் சரிசெய்ய வேண்டும் என்று செல்லுக்குத் தெரியும் என்று நீ போனில் பொறுமையாக விளக்கினாயே, அதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அப்ப அண்ணன் வயித்துக்குள்ள இனி நம்ம ஆளுகதான் பேசுவாங்க என்றார். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

குழாய் வழியாக உள்ளே செலுத்திய பத்தே நாளில் ஓட்டம் நின்றுவிட்டது. கீரையும் கேப்பைக்கூழும் விடாமல் கொடுக்கிறேன். தினமும் காலையில் சித்தப்பா போன் செய்து, எத்தனை தடவை அண்ணே என்றுதான் முதலில் கேட்கிறார். உன் படிப்புக்கும் அவர் மனசுக்கும் நன்றி சொல்லித்தான் ஜெபம் முடிக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, சும்மா சும்மா மாத்திரை போடாதே. சித்தப்பாவுக்கு நீயே ஒரு போன் பண்ணு, மறந்துவிடாதே. நேற்று அப்பா தனியாகப் பசுமலையில் பஸ் ஏறித் திருமங்கலம் போய்த் தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார். வழியில் எங்கேயும் இறங்க வேண்டியிருக்கவில்லை.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அம்மா
பிலோமினாள்