சீன நாற்காலியின் நாலு காலும் நலம், அத்தை

பிரியமான அத்தைக்கு,

நீங்கள் போயிருக்கும் இடத்தில் பல்வலியே கிடையாது என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார். அப்படியென்றால் உங்களுக்குப் பொழுது எப்படிப் போகிறது?

இங்கே ஒரு பெரிய செய்தி. உங்கள் சீன நாற்காலியை உங்கள் மகன் அக்கு அக்காகக் கழற்றினார். நெஞ்சைப் பிடிக்காதீர்கள், இனி அதற்கு அவசியமும் இல்லை. இப்போது அது எங்கள் வீட்டு ஜன்னலோரம் நிற்கிறது. நின்ற கதை கொஞ்சம் நீளம்.

தோளுக்கு மேலே எட்டிப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் மாமியார் மைசூரில் ஒரு சீனப் பல் டாக்டரிடம் நர்ஸாக இருந்தவர். டாக்டர் குடும்பத்தோடு கனடாவுக்குக் கிளம்பியபோது, தன் தாத்தா கப்பலில் கொண்டுவந்த நாற்காலியை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நம் ஈட்டி மரத்துக்குப் பங்காளி முறையாகும் ஏதோ ஒரு சீன மரம். தேன் நிறம், மழை நாளில் லேசான வாசனை. முதுகில் தொடங்கும் மேல்கட்டை அப்படியே வளைந்து இரண்டு கைகளாக இறங்கும், யாரோ பின்னாலிருந்து அணைத்துக்கொள்வது போல. அந்தக் கைகளின் பளபளப்பு பாலிஷால் வந்ததில்லை. உள்ளேயிருந்து அழைப்பு வரும்வரை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பல்வலிக்காரர்களின் உள்ளங்கைகளால் வந்தது.

நீங்கள் போனதிலிருந்து மாமா அதில்தான் குடியிருந்தார். மைசூரில் அக்ரஹாரம் என்ற பேட்டையிலிருக்கும் உங்கள் பழைய வீட்டில், தனியாக. காலையில் பன், மத்தியானம் பன், இரவு விருந்துக்குப் பன்னோடு ஒரு வாழைப்பழம். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்கி, பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்த பிறகு எங்களுக்கு நிம்மதியே போய்விட்டது. எங்களோடு வந்துவிடுங்கள் என்று கெஞ்சாத நாளில்லை.

“நாற்காலி இல்லாத வீட்ல நான் எங்கம்மா உக்காருவேன்? அது முதல்ல போகட்டும். உங்க வீட்ல நின்னுச்சுன்னு சொல்லு, அப்புறம் வர்றேன்” என்று முடித்துவிட்டார்.

கார் டிக்கியில் நுழையவில்லை. கூட்ஸ் ஆட்டோ பிடிக்கலாம் என்றேன்.

“பேடா, பேடா, ஆட்டோ வேண்டாம். நம்ம ரோட்டுக் குழியில குலுங்கியே ஒடிஞ்சிடும். கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம், சிம்பிள்!” என்றார் உங்கள் மகன். ஸ்குரூடிரைவர் செட்டை விரித்துவைத்துக்கொண்டு நாற்காலிக்கு அடியில் படுத்தார். ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தார்.

“ரீட்டா, இதுல ஒரு ஸ்குரூகூட இல்லடி. ஆணியும் இல்ல. எப்படித்தான் நிக்குது?”

“உங்க குடும்பம் மாதிரிதான். ஒண்ணை ஒண்ணு விடாம பிடிச்சுக்கிட்டு.”

ஒரு கட்டையின் நுனியில் செதுக்கிய நாக்கு இன்னொரு கட்டையின் துளைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. மொத்த நாற்காலியும் அவ்வளவுதான். உங்கள் பூரிக்கட்டையால் அவர் தட்டத் தட்ட, அது சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை போலக் கழன்று வந்தது. மாமா ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவர் முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். துண்டுகளை உங்கள் புடவைகளில் சுற்றி டிக்கியில் அடுக்கினோம். மாமாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டு வந்தோம். அதில் அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்க்கவேண்டுமே! அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவர் போல, விளிம்பில்.

கழற்றுவதற்கு ஓர் ஆள் போதும். மாட்டுவதற்குத்தான் ஒரு குடும்பம் வேண்டும் என்பது எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. வலதுகால் துளைக்குள் போனால் இடதுகால் வெளியே வந்தது. சாமராஜநகரிலிருந்து உங்கள் மகள் ஸ்டெல்லாவை வரவழைத்தோம்.

“கொஞ்சம் பசை தடவிடலாமாண்ணா?”

“தடவு. அம்மா இறங்கி வந்து கேட்டா நீயே பதில் சொல்லு.”

என் இடுப்பின் சுற்றளவைப் பற்றி உங்களுக்குப் பல கருத்துகள் இருந்தன. நான் உட்கார்ந்தால் முக்காலிகூடத் தாங்காது என்பீர்கள். அன்று அந்த உடம்புதான் கைகொடுத்தது. பின்கால் இரண்டையும் நான் ஒருத்தியே கட்டிப்பிடித்துக்கொண்டேன். முன்கால்கள் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. மேல்கட்டையை இறக்க ஆளில்லை. போதாததற்கு எங்கோ ஏதோ சேராமல் ஆடிக்கொண்டும் இருந்தது.

மாமாவுக்குப் போன் போட்டேன். “மாமா, நீங்க வந்தாத்தான் நாற்காலி நிக்கும்போல.”

“நின்னாத்தான் நான் வருவேன்னு சொன்னேன்ல?”

“அப்ப ரெண்டும் நடக்காது. பிளாஸ்டிக் சேர் சௌக்கியமா இருக்கா மாமா?”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “ஆய்து, சரி, வர்றேன். பிடிச்சுக் குடுத்துட்டு உடனே திரும்பிடுவேன். பை கிய் எதுவும் எடுத்துட்டு வரமாட்டேன், தெரிஞ்சுக்கோ.”

வந்தார். கால்களுக்கு நடுவே ஓடும் குறுக்குக்கட்டைகளைக் குனிந்து பார்த்தார். பின்பக்கம் நாங்கள் செருகியிருந்த கட்டையை உருவி, விரலால் தடவினார்.

“இதை ஏம்மா பின்னாடி போட்டீங்க? இது முன்னாடி, கால் வைக்கிறது. இந்தா, ரெண்டு ஓரத்துலயும் பள்ளம் இருக்கு பாரு. என் குதிகால் போட்டது.”

“நடுவுல ஒரு சின்னப் பள்ளம் இருக்கே, அது யாருதுப்பா?” என்றாள் ஸ்டெல்லா.

மாமா கட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். காது சிவந்தது. நாங்கள் விடுவோமா? கடைசியில், “அவ எதிர்ல முக்காலி போட்டு உக்காந்து, என் காலுக்கு நடுவுல அவ காலை வைப்பா. டியூட்டி முடிஞ்சு வந்தா கால் வலிக்கும்ல?” என்றார்.

அத்தை! நாங்கள் எல்லோரும் வெளியே போன பிறகு வீட்டில் இதுதான் நடந்ததா? எத்தனை வருஷமாக? மரத்திலே பள்ளம் விழுகிற அளவுக்கா?

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக முடிந்தது. குறுக்குக்கட்டை முன்னால் போனதும் ஆட்டம் நின்றது. மூன்று பேரும் காலைப் பிடித்துக்கொள்ள, மாமா மேல்கட்டையைத் தூக்கி, குழந்தைக்குச் சட்டை மாட்டுவது போல மெதுவாக இறக்கினார். ‘டொக்’ என்று ஒரே சத்தம். ஆணியில்லாமல், பசையில்லாமல் முழு நாற்காலி!

“ஆடுதான்னு பார்க்கறேன்” என்று உட்கார்ந்தார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பையை ஸ்டெல்லா போய் எடுத்துவந்துவிட்டாள். பன்னை நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

ஒரு ரகசியம். அன்று கீழே வாட்ச்மேன் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். நல்ல பலசாலி. ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடிவந்து மேல்கட்டையை இறக்கிக் கொடுத்திருப்பார். நான் கொடுக்கவில்லை. படிக்கிறவர்கள் தயவுசெய்து இதை மாமாவிடம் போட்டுக்கொடுக்காதீர்கள்.

என் வாக்கு இது, அத்தை. கிறிஸ்துமஸுக்கு வீடு முழுக்கப் பெயின்ட் அடித்தாலும் நாற்காலி மேல் ஒரு சொட்டு வார்னிஷ் படாது. உங்கள் மகனின் ஸ்குரூடிரைவர் செட் பரண் மேலேயே இருக்கும். உங்கள் முக்காலியையும் அக்ரஹாரத்திலிருந்து கொண்டுவந்து எதிரில் போட்டுவிட்டேன். அதில் யாரும் உட்கார மாட்டார்கள், நானும்தான். ஏன் என்று யாராவது கேட்டால், என் எடையைத் தாங்காது என்று சொல்லிக்கொள்கிறேன்.

பின்கால் இரண்டையும் இன்னும் விடாமல் கட்டிப்பிடித்திருக்கும்
உங்கள் மருமகள்,
ரீட்டா