வருகைப் பதிவில் உன் பெயர்

இன்று காலை வகுப்பில் ஒரு பெண் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். நான் தேய்மானக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. பின்னாலேயே யாரோ தெலுங்கில் அவளை அதட்டினார்கள். அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடரப் பார்த்தேன், முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்துபோய்ச் சமையலறையில் கொஞ்சநேரம் நின்றேன்.

உனக்குத் தெரியாது, நான் இப்போது சொல்லிக்கொடுக்கிறவள். பி.காமுக்குப் பிறகு எம்.காமையும் போனிலேயே முடித்தேன். நாம் படித்த அதே இணையவழிப் படிப்பில் பாடம் எடுக்கிறேன், மாணவர்களுக்கு வேலை பற்றிய ஆலோசனையும் சொல்கிறேன். பாகலூர் சாலையில் ஒரு மாடி அறை. திரையில் கட்டம் கட்டமாகப் பெயர்கள் இருக்கும், முகங்கள் இருக்காது. நாளெல்லாம் பேசுகிறேன். மடிக்கணினியை மூடினால் வீட்டில் வேறு குரலே இல்லை.

செல்போன் பாகங்கள் பூட்டும் அந்தக் கம்பெனியில் ஒரே லைனில் நின்றோம். நான் அரூர்ப் பக்கம், நீ பேரிகை. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மாறி மாறிப் பேசுவாய். என்னை ‘ஏமே’ என்றுதான் கூப்பிடுவாய். கான்ட்ராக்ட் முடிந்த பெண்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊருக்குப் போனவர்கள் அடுத்துக் கல்யாணப் பத்திரிகையோடுதான் வருவார்கள். அப்படி ஒருத்தியை வழியனுப்பிவிட்டு வந்த அன்றுதான் கேன்டீனில் சொன்னாய்: “ஏமே, நாம பி.காம் சேந்துக்கலாமா? போன்லயே படிக்கலாமாம். ஊருக்குப் போனா யாரும் நம்மள படிக்க விடமாட்டாங்க.”

கம்பெனி பஸ்ஸில்தான் பாதிப் படிப்பு. ஆளுக்கொரு காதில் இயர்போன். சந்தேகம் கேட்க நீ மைக்கைத் திறந்தால் ஹார்ன் சத்தமும் கண்டக்டர் இல்லாத பஸ்ஸின் மொத்தக் கூச்சலும் வகுப்புக்குள் போகும். உனக்கு வெட்கமே கிடையாது.

ஒருமுறை வேலைவாய்ப்பு ஆலோசனைக்கென்று தனி வகுப்பு வைத்தார்கள். சென்னையிலிருந்து பாடம் எடுத்த மேடம், பெங்களூரில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று அழகாக விளக்கினார். நீ மைக்கைத் திறந்தாய். “மேடம், எங்கம்மாவால தனியா இருக்க முடியாது. பேரிகையில இருந்து போயிக்கினு வர்ற மாதிரி எனக்கு என்னா வேலை இருக்குது?” மேடம் தனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். எனக்குச் சங்கடமாக இருந்தது. உனக்கோ அந்தப் பதிலே பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் அவர் நிஜமாகவே விசாரித்துவிட்டு வந்தார். ஓசூரில் பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறைகளில் கணக்குப் பார்க்க ஆள் தேவைப்படுகிறது, ஜிஎஸ்டி வேலையைக் கற்றுக்கொண்டால் வாய்ப்பிருக்கிறது என்றார். அதன்பிறகு நீ அவரோடு அடிக்கடிப் போனில் பேசினாய். “அவங்களும் நம்மள மாதிரி கான்ட்ராக்ட்தான்டி, பாவம்” என்றாய் ஒருநாள்.

படிப்பு முடியுமுன்பே சிப்காட்டை ஒட்டிய ஒரு பட்டறைக்கு இன்டர்வியூவுக்குப் போனபோது நான் கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன். நடந்ததை நீ வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாய். வீட்டில் உட்கார்ந்துகொண்டு படிக்கிற படிப்புதானே இது என்று முதலாளி கேட்டாராம். “உக்கார நேரமிருந்தா காலேஜுக்கே போயிருப்பேன் சார். பஸ்ல நின்னுக்கினு படிக்கிறேன்” என்றாயாம். வேலை கிடைத்துவிட்டது, நம் கம்பெனி கான்ட்ராக்ட் முடிந்ததும் சேர வேண்டும். அன்று நாம் சாப்பிட்ட பிரியாணி போல நான் அப்புறம் சாப்பிடவில்லை.

நீ சேருவதற்குள், அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனார்கள். நான் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் உன்னை ஊருக்கு எடுத்துப் போயிருந்தார்கள். பேரிகையில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதேதோ சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. புரியாததற்கும் தலையாட்டினேன்.

அடுத்த வகுப்பில் மேடம் வருகைப் பதிவு எடுத்தார். உன் பெயரைப் படித்துவிட்டுக் காத்திருந்தார். திரும்பவும் படித்து, லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டார். அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். மைக்கைத் திறந்தேன். “மேடம், அவ இல்ல. காய்ச்சல்ல போயிட்டா.”

திரையில் ஒரு பெயர்க் கட்டத்தில் கேமரா திறந்தது. கேட் ரூமில் செக்யூரிட்டி உடுப்போடு ஒருவர். அப்புறம் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு பெண், மடியில் குழந்தையோடு ஒரு அம்மா, நிறுத்திவைத்த லாரிக்குள்ளிருந்து ஒரு இளைஞன். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனது. கடைசியில் மேடமும் திறந்தார். சமையல் மேடையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார், கண்ணைத் துடைத்தபடி. அவ்வளவு நாளும் யாரோடு படித்தோம் என்று அன்றுதான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. அன்று பாடம் நடக்கவில்லை.

மறுவாரம் கேமராக்கள் பழையபடி மூடிக்கொண்டன. பஸ்ஸில் இரண்டு காதிலும் நானே மாட்டிக்கொண்டேன். பாடம் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

புதிதாகப் பாடம் எடுக்க வருகிறவர்கள், யாருமே பேசமாட்டேன் என்கிறார்களே என்று என்னிடம் குறைப்படுவார்கள். எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள், பாடத்தை அப்புறம் ஆரம்பிக்கலாம் என்பேன். ஷிப்ட் வேலை பார்த்ததை விண்ணப்பத்தில் மறைக்கவா என்று மாணவர்கள் கேட்பார்கள். அதைத்தான் முதலில் எழுதச் சொல்வேன். இந்தப் பேச்செல்லாம் உன்னால் எனக்கு வந்தது.

போன மாதம் சூளகிரிப் பெண் ஒருத்தி, வேலை கிடைத்துவிட்டதென்று போனில் அழுதாள். அவளைத் தேற்றி, வாழ்த்தி, போனை வைத்தேன். வைத்தவுடன் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நல்ல சேதி எது வந்தாலும் எனக்கு இன்னும் அப்படித்தான். முதலில் நீ ஞாபகத்துக்கு வருகிறாய். நீ இல்லை என்பது அப்புறம்தான் வருகிறது.