காளான் தாங்காது

ஆகஸ்ட் 22, வியாழன். பிர்னோ

மருந்துக்கடையில் இன்று நல்ல கூட்டம். இருமல் மருந்து வாங்க வந்த கிழவர் ஒருவர், "ரயில்லயா ஊர் சுத்தப் போற? ஏம்மா, விமானமெல்லாம் வேலைநிறுத்தமா?" என்றார். விமானம் பறக்கிறது ஐயா, என் சம்பளம்தான் பறக்க மாட்டேன் என்கிறது. சொல்லவில்லை. மருந்தைக் கொடுத்து அனுப்பினேன்.

நாளை கிளம்புகிறோம். நான், லுபோஷ், இவேத்தா. வியன்னா, சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக், வெரோனா, வெனிஸ். மலிவு ரயில் பாஸ், எட்டுப் பேர் ஒன்றாகக் குறட்டை விடும் விடுதி அறைகள். இவேத்தா பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள், சின்ன வயதிலிருந்து என் தோழி. மூன்று பேர் என்றால் செலவு குறையும் என்று லுபோஷிடம் சொல்லித்தான் அவளைச் சேர்த்தேன். அது பொய்.

லுபோஷ் டிராம் ஓட்டுகிறவன். ஏப்ரலில் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டான். கேட்ட லட்சணத்தை எழுதி வைக்கிறேன். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், வண்டியின் கைப்பிடியைப் பார்த்துச் சொன்னான்: "எங்க வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு, ராட்கா. ரெண்டு ஜன்னல். காலையில வெயில் வரும். நீ வந்தா நல்லா இருக்கும்."

யோசிக்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "பயணம் முடிஞ்சு வந்து சொல்லு, அவசரமில்ல" என்றான் போன வாரம். அவனைப் பிடித்திருக்கிறது. பிறகு எது தடுக்கிறது? இவேத்தா என்ன சொல்வாளோ என்பதுதான். முப்பத்து நாலு வயதில் இது ஒரு காரணமா? காரணம்தான் போலிருக்கிறது. அவள் பத்து நாள் அவனைப் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி. வியன்னா

ரயில் பிர்னோ எல்லையைத் தாண்டவில்லை, லுபோஷ் பொட்டலத்தைப் பிரித்துவிட்டான். அவன் அம்மா ரொட்டித்தூளில் புரட்டி வறுத்துக் கொடுத்த பன்றி இறைச்சி. வியன்னாவில் பஞ்சம் என்று யாரோ அந்த அம்மாளிடம் சொல்லியிருக்க வேண்டும். பெட்டி முழுக்க எண்ணெய் வாசனை. எதிரே இருந்த ஆஸ்திரிய அம்மாள் ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள். திறக்காத ஜன்னல்.

அரண்மனை வாசலில் இவேத்தா சீட்டு வாங்கலாம் என்றாள். லுபோஷ் அண்ணாந்து பார்த்தான். "வெளியிலயே இவ்ளோ இருக்கே. உள்ள போனா இதவிடப் பெருசாவா இருக்கப் போவுது?" நாங்கள் உள்ளே போனோம். திரும்பி வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்து மிச்ச இறைச்சியைத் தின்றுகொண்டிருந்தான். ஒரு சுற்றுலாக் கூட்டம் அவனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அரண்மனைக்குக்கூட அத்தனை மரியாதை கிடைக்கவில்லை.

காப்பிக் கடையில் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு நம்ம ஊர்ல மூணு பீர்" என்றான். எதை வாங்கினாலும் பீரில்தான் கணக்கு. வழியில் போகிற டிராம் ஓட்டுநர்கள் எல்லாருக்கும் கை காட்டினான். ஒரே ஒருவர் திருப்பிக் காட்டினார். "பாத்தியா? பாத்தியா?" என்று மாலை வரை அதே பேச்சு.

விடுதிக் குளியலறையில் இவேத்தாவுக்கு அவனைப் போல நடித்துக் காட்டினேன். மூன்று பீர், கை காட்டல், எல்லாம். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியெல்லாம் நுரை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு. சால்ஸ்பர்க்

மழை. கோட்டையைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம், பார்த்தது மேகத்தை.

இவேத்தாவையும் விட்டுவைக்கக் கூடாது. அவள் ஊரைப் பார்ப்பதில்லை, சரிபார்க்கிறாள். தேவாலயத்துக்குள் நுழைந்து, புத்தகத்தில் இருக்கிற தேவாலயம்தான் என்று உறுதி செய்துகொண்டு வெளியே வந்துவிடுவாள். ஆனால் அவளை நடித்துக் காட்டினால் லுபோஷ் சிரிக்க மாட்டான். "பாவம், அவ எவ்ளோ கஷ்டப்பட்டுத் திட்டம் போட்டிருக்கா" என்பான். அவனிடம் இது ஒரு பெரிய குறை.

இரவுச் சாப்பாட்டில் அவனிடமே அவனை நடித்தேன். சிரித்தான். "நான் இப்டியா பேசறேன்?" என்றான். காது மட்டும் சிவந்தது.

ஆகஸ்ட் 26, திங்கள். இன்ஸ்ப்ரூக்

பனிமலை அழகு. கால் கொப்புளம். லுபோஷ் மருந்து தடவி விட்டான். சரி என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இவேத்தா பக்கத்தில் இருந்தாள், சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய். எங்கோ, வெரோனா இல்லை

வண்டி மாறுவதற்கு ஒரு சின்ன ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம். பின்னால் ஊசியிலைக் காடு. முந்தின நாள் நல்ல மழை. இதற்கு மேல் எழுதவே வேண்டாம், எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் மிச்சத்தைத் தானே சொல்லிவிடுவார்.

லுபோஷ்தான் முதலில் மோப்பம் பிடித்தான். "சும்மா ஓரமா நின்னு பாத்துட்டு வரேன்." போனவன் கையில் ஒரு காளானோடு வந்தான். தடித்த வெள்ளைக் காம்பு, பழுப்புத் தொப்பி, ஒரு புழு இல்லை. அவ்வளவுதான். நிமிடக் கணக்குப் பார்க்கிற இவேத்தா எங்கள் இருவருக்கும் முன்னால் ஓடினாள். குடை எடுத்துவர மூவருமே மறந்திருந்தோம். காளான் கத்தி எடுத்துவர யாரும் மறக்கவில்லை. வெனிஸில் படம் எடுத்துக்கொள்ள வாங்கிய கழுத்துத் துணியை இவேத்தாவே அவிழ்த்து விரித்தாள். "இங்க பாருடி! இங்க ஒரு குடும்பமே இருக்கு!" என்று மண்ணில் முழங்கால் போட்டுக் கத்தினாள். வண்டி வந்த சத்தம் மூவருக்கும் கேட்டது. போன சத்தமும் கேட்டது. ஒருவரும் நிமிரவில்லை.

அடுத்த வண்டி சாயங்காலம்தான். பெஞ்சில் உட்கார்ந்து மண் சுரண்டினோம். எனக்கு ஒரே குஷி. லுபோஷ் தண்ணீர் பிடிக்கப் போனான். இவேத்தா கத்தியை வைத்துவிட்டு, "ஆமா, இவன் உன்ன எப்படித்தான் கேட்டான்? நீ சொல்லவே இல்லையே" என்றாள்.

எழுந்து நின்றேன். பெரிய காளான் ஒன்றை டிராம் கைப்பிடி மாதிரி பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்துக்கொண்டே, மூக்கால், இழுத்து இழுத்து: "எங்க வீட்டு மாடி... சும்மாதான்... கெடக்கு. ரெண்டு... ஜன்னல்." இவேத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "வெயில்... வரும்" என்று சொல்லும்போது அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு கையிலும் தண்ணீர்ப் புட்டிகளோடு நின்றிருந்தான்.

புட்டிகளை வைத்தான். உட்கார்ந்து மிச்சக் காளானையெல்லாம் சுத்தம் செய்தான். நான்தான் விளையாட்டுக்கு, விளையாட்டுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு துணியை முடிச்சுப் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"இது நாளைக்குத் தாங்காது. நான் ஊருக்குப் போறேன். அம்மா காய வெச்சுடுவாங்க."

"காளானுக்காக வெனிஸ விட்டுட்டுப் போறியா?" என்றேன்.

"ஆமா."

வடக்கே போகிற வண்டி வந்தது. ஏறும்போது திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னான்: "என்னக் கிண்டல் பண்ணு, ராட்கா. நான் சிரிச்சிருக்கேன்ல? ஆனா அன்னிக்கு டிராம்ல கேட்டது உனக்கு மட்டும் சொன்னது. அத எடுத்துக் கடை விரிச்சிட்டியே."

எங்கள் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், காளான் அழுகிவிடும் என்று திரும்பி வந்தான் என்று. எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எவ்வளவு நல்ல சாக்கு கிடைத்தது அவனுக்கு.

ஆகஸ்ட் 28, புதன். வெரோனா

பழைய காதல் நாடகம் ஒன்றில் வருகிற மாடத்தைப் பார்க்கக் கூட்டமாக நின்றார்கள். நானும் நின்றேன். மாடம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி. வெனிஸ்

போன் எடுக்கிறான். "ம்" என்கிறான். "ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்கிறான். திட்டினால்கூடப் பதிலுக்குத் திட்டலாம்.

படகுக்காரன் ஒருவன் பாடிக்கொண்டே போனில் யாரிடமோ சண்டை போட்டான். அவனை நடித்துக் காட்டினேன். இவேத்தா சிரித்தாள், மரியாதைக்கு. பிறகு சொன்னாள்: "லுபோஷ விட்டா உனக்குப் பேச வேற விஷயமே இல்ல, தெரியுமாடி?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீதானே சிரிச்ச! எட்டு ஊருக்குக் கேக்கிற மாதிரி நீதானே சிரிச்ச!"

"சிரிப்பா இருந்துச்சு, சிரிச்சேன். நான் என்ன அவனக் கட்டிக்கப் போறேனா? எனக்கு அவனப் பிடிச்சுதான் இருந்துச்சு. நீ கேக்கவே இல்ல."

கேட்கவே இல்லை. இதற்காகத்தானே இவளை இழுத்து வந்தேன்! கேட்கவே இல்லை. பாலத்தின் மேல் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். ஒரு குடும்பம் தங்கள் படத்துக்கு இடைஞ்சல், நகரச் சொல்லிக் கை காட்டியது. நகர்ந்தேன்.

"என் பதில் ஆமாம்தான்" என்றேன் இவேத்தாவிடம்.

"அத எங்கிட்ட எதுக்குடி சொல்ற?"

செப்டம்பர் 1, ஞாயிறு. ரயிலில்

தூங்குகிறேன், விழிக்கிறேன், ஆஸ்திரியா இன்னும் முடியவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய். பிர்னோ

வேலை முடிந்து நேராக லுபோஷ் வீட்டுக்குப் போனேன். அவன்தான் கதவைத் திறந்தான். வாசலில் காலணியைக் கழற்றினேன். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு உண்டு, சிவப்பு. இரண்டு வருடமாக அவன் செருப்புக்குப் பக்கத்தில் கிடக்கும். இன்று அந்த இடத்தில் இல்லை. லுபோஷ் குனிந்து, வந்துபோகிறவர்களுக்கு வைத்திருக்கிற பெட்டியைத் திறந்து, ஒரு சாம்பல் நிறச் செருப்பை எடுத்து என் முன்னால் வைத்தான். ஆண்பிள்ளை அளவு. போட்டுக்கொண்டேன். சமையலறை வரை அது தரையில் தேய்ந்துகொண்டே வந்தது.

அவன் அம்மா தேநீர் வைத்துவிட்டு, தோட்டத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

சொன்னேன். கையைப் பார்த்துக்கொண்டு சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தே சொன்னேன். "சரின்னு சொல்ல வந்தேன், லுபோஷ். மாடிக்கு வரேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். நான் பண்ணினது அசிங்கம்."

கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கினான். "நீ சொன்னது நல்லதுதான். ஆனா இனிமே நான் எது சொன்னாலும், இத இவ எப்படி நடிப்பான்னு எனக்கே முன்கூட்டிக் கேக்குது. அப்படி ஒரு வீட்ல எப்படிப் பேசறது?"

"இனிமே மாட்டேன்."

"நீ மாட்டேதான். எனக்குத்தான் கேட்டுக்கிட்டே இருக்கும். வேணாம், ராட்கா."

தேநீரைக் குடித்து முடித்தேன். செருப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இவேத்தாவின் போன். "என்னடி சொன்னான்?"

"நீ சொன்னது... நல்லதுதான்" என்று ஆரம்பித்தேன். மூக்கால், இழுத்து இழுத்து. அவன் குரல், அச்சாக. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நிறுத்திவிட்டேன்.

"என்னடி? கேக்கல."

"வேணாம்னுட்டான்" என்றேன், என் குரலில்.