நைனா நடக்கிற புல்

கரையான்சாவடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் உங்க நைனாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், நீயும் மாப்பிள்ளை கிஷோரும் அந்த அயர்லாந்து குளிருல சளி கிளி பிடிக்காம இருக்கணும்னு தினம் விளக்கேத்தும்போது வேண்டிக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதுக்குக் கடிதாசி எழுதுதுன்னு நினைப்ப. போன் வந்தா உங்க நைனா ஸ்பீக்கர்ல போடச் சொல்லி பக்கத்துலயே உக்காந்துக்கிறாரு, அவரைப் பத்தின சேதியை அவரை வச்சிக்கினு எப்படிச் சொல்றது. அதான் மத்தியானம் அவரு கண்ணசந்த நேரமாப் பாத்து எழுதுறேன்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில இருந்து திரும்பின பிறகு ஊட்டுக்குள்ள டைல்ஸ்ல வழுக்கி விழுந்தாரே, அன்னிக்கு அடி பெரிசா இல்ல, பயம்தான் பெரிசாப் பிடிச்சிக்கிச்சு. திருமழிசை கம்பெனியில அவ்ளோ உசரத்துல கிரேன் ஓட்டின மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டாரு. பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு, நடக்கலன்னா கால் இறுகிப் போயிடும்மான்னு சொல்லும். நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பாத்தேன். அப்பதான் நீ சொன்ன, வாசல்ல சிமெண்டுத் தரையைப் பேத்துட்டு புல்லு போடும்மா, விழுந்தாலும் அடிபடாதுன்னு தெரிஞ்சா தைரியம் தானா வரும்னு. பக்கத்துலயே இருக்கிற எனக்குத் தோணல, அவ்ளோ தூரத்துல இருக்கிற உனக்குத் தோணுச்சு. மகராசியா இருக்கணும் நீ.

வானகரத்தாண்ட இருக்கிற நர்சரிக்குத்தான் போனேன். நீ போட்டோ அனுப்பின கொரியன் புல்லு பாக்க ஜமுக்காளம் விரிச்சாப்ல அழகுதான். ஆனா நான் செருப்பைக் கழட்டிட்டு உங்க நைனா மாதிரியே வலது காலை இழுத்து இழுத்து அதுமேல நடந்து பாத்தேன். நர்சரிக்காரர் கஜபதி, என்னம்மா கால்ல அடியான்னு பதறிட்டாரு, விஷயத்தைச் சொன்னதும் நிதானமா நடந்து பாருங்கன்னு விட்டுட்டாரு. கொரியன் லேசா குத்துது, வெட்டாம விட்ட இடத்துல மேடு மேடா புடைச்சிக்கினு கால் தட்டுது. அகல இலையா பஃபலோ புல்லுன்னு ஒண்ணு, நெழல்ல கூட வளருமாம், ஆனா அதோட தடிச்ச கொடியில விரல் மாட்டிக்கிது. கடைசியில பாத்தா நம்ம அருகம்புல்லுதான் காலுக்கு இதமா இருந்துச்சு. வெட்டி தாழ்வா வச்சிருந்தாங்க, இழுத்த கால் தடையில்லாமப் போச்சு. மிதிச்சு மிதிச்சு தேஞ்சாலும் தானே படர்ந்துக்கும், ஆனா நல்ல வெயில் வேணும்னாரு கஜபதி.

வந்து சொன்னா உங்க நைனாவுக்கு வந்துச்சே கோவம். இன்னாடி இது, எங்கம்மா கூலிக்குப் போயி நாளெல்லாம் குனிஞ்சு புடுங்கிப் போட்ட களைய நீ காசு குடுத்து வாங்கிகினு வரப்போறியான்னாரு. எத்தினி மாசம் கழிச்சு அந்தச் சத்தம் கேட்டேன் தெரியுமா, திட்டு வாங்கினதுக்கு சந்தோஷப்பட்டவ நானாத்தான் இருப்பேன்.

வெயிலுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. பக்கத்து ஊட்டு சுலைமான் பாயோட பாதாம் மரம் நம்ம வாசல் பூரா நெழல் கட்டும், அது கீழதான் அவரு தன்னோட லோடு வண்டியையும் நிறுத்துவாரு. நம்ம பக்கம் நீட்டிக்கினு இருக்கிற சின்ன கிளையை மட்டும் கழிக்கலாமான்னு தயங்கித் தயங்கிக் கேட்டேன். மறுநாளே அவரே ஆள் வச்சி பெரிய கிளையையே இறக்கிட்டாரு. வண்டி வெயில்ல நின்னா ஒண்ணும் ஆவாது தங்கச்சி, அண்ணன் நடக்கட்டும்னாரு.

சிமெண்டைப் பேத்து, செம்மண்ணும் மணலும் எருவும் கொட்டி அருகம்புல்லை நட்டு, காலையும் சாயந்தரமும் தண்ணி விட்டோம். ஆடி மழை வேற கைகொடுத்துச்சு. பச்சை பிடிக்கிற வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாதுன்னதும் உங்க நைனா நாற்காலியை வாசப்படியாண்ட போடச் சொல்லி, தெரு நாய் வந்தா ஒரே சத்தம். போன வாரம் நடுவுல ஒரு கோரைக் களை முளைச்சிருக்குதுன்னு கூப்பிட்டிருக்காரு. அடுப்படியில மிக்ஸி ஓடுற சத்தத்துல எனக்குக் கேக்கல. நான் வெளிய வந்து பாத்தா நாற்காலி காலி, மனுஷன் புல்லுமேல விழுந்து கிடக்காரு. அய்யோன்னு ஓடினேன். கத்தாத, ஒண்ணும் ஆவல, மெத்துனுதான் கீதுன்னு சொல்றாரு, இடது கையில கோரை வேரோட. தூக்கப் போனா வேணாம்னுட்டாரு. முட்டி போட்டு நாற்காலியாண்ட நகர்ந்து, அதோட காலைப் பிடிச்சி, மூச்சு வாங்க வாங்க அவரே எழுந்து நின்னாரு. நின்னுட்டு என்னைப் பாத்து சிரிச்சாரு பாரு, அந்தச் சிரிப்பை உனக்குக் காட்ட முடியலியேன்னுதான் இவ்ளோ எழுதுறேன். இப்ப தினம் காலையில செருப்பைக் கழட்டிட்டு சுவரோரமா போறாரு, வர்றாரு. நான் கூடவே போனா முறைக்கிறாரு.

இந்தக் கடிதாசி வந்ததா அவருகிட்ட காட்டிக்காத. வீடியோவுல வரும்போது புல்லு எப்படி இருக்குதுன்னு ஒண்ணும் தெரியாத மாதிரி அவரையே கேளு. நைட் டூட்டி முடிஞ்சு வந்தா வெறும் டீயைக் குடிச்சிட்டுப் படுக்காத, ரெண்டு வாய் சோறு தின்னுட்டுப் படு. நீங்க ரெண்டு பேரும் சண்டை சச்சரவு இல்லாம, கைகால் சுகத்தோட நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

உன்னைப் பெத்ததை நினைச்சு மனசு நிறைஞ்சிருக்கிற அம்மா,
யுவராணி சம்பத்