பதினோரு நிமிடம்

தங்கச்சிக்கு,

நேற்று ஆன்லைன் நேர்காணலுக்கு நீ தாமதமாக வந்ததில் தப்பு உன்மேல் இல்லை. "கம்ப்யூட்டர்ல மணி பாத்துத்தான்க்கா உக்காந்தேன்" என்று நீ அழுதாய். "சும்மா சாக்கு சொல்லாதடி" என்று கத்திவிட்டேன்.

காலையில் பார்த்தால் கம்ப்யூட்டரின் கடிகாரம் பதினோரு நிமிடம் பிந்தி ஓடுகிறது. இணையத்திலிருந்து தானாக நேரம் எடுத்துக்கொள்ளும் வசதியைப் போன வருடம் எதையோ சோதிக்க நிறுத்தியவள் நான்தான். திரும்பப் போட மறந்துவிட்டேன். நாளுக்கு இரண்டு நொடி நழுவியிருக்கிறது. இப்போது இணையத்தில் சரியான நேரம் தரும் சர்வரோடு இணைத்துவிட்டேன், நொடி பிசகாது.

நேர்காணல் எடுக்கவிருந்த மேலாளருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். இன்று மூன்று மணிக்கு மறுபடி அழைப்பார். தைரியமாகப் பேசு, வேலை உனக்குத்தான்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு: மன்னிப்பை மாலையில் நேரில் கேட்கிறேன். அறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாதே.

அக்கா