நாற்பத்தொரு சைபர்

ஜனவரி 18
உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் இன்றும் சைபர் போட்டேன். பயிற்சிக்கு முன்னால் ஒவ்வொருத்தியும் தன் பெயருக்கு எதிரே வலியை எழுத வேண்டும், சைபரிலிருந்து பத்துக்குள். மூன்றோ அதற்கு மேலோ போட்டால் அன்று பெஞ்சில்தான். அதனால் எங்கள் கூடைப்பந்து அணியில் யாருக்கும் எப்போதும் வலிப்பதில்லை. எங்கள் பிசியோதெரபிஸ்ட் – பிசியோ என்றுதான் கூப்பிடுவோம் – தாளைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார், போய்விட்டார். இந்த ஆளுக்கு என் காலில் என்ன வேலை? அதுதான் அவர் வேலை என்பது வேறு விஷயம்.

ஜனவரி 19
விழுந்தேன். யாரும் தள்ளவில்லை. எம்பிப் பந்தைப் பிடித்து இறங்கும்போது இடது முழங்காலுக்குள் டொக்கென்று ஒரு சத்தம். தரையில் கிடந்தபடி நான் முதலில் பார்த்தது, கோச்சும் பிசியோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை. என் பக்கம் திரும்பியது அதற்கப்புறம்தான். ஏன்?

ஜனவரி 22
உள்ளே தசைநார் முழுதாக அறுந்துவிட்டதாம். ஆபரேஷன். பிறகு ஒன்பது மாதம். "திரும்ப ஆட முடியுமா டாக்டர்?" என்றேன். "நிறைய பேர் ஆடுறாங்கம்மா" என்றார். நான் நிறைய பேரைப் பற்றியா கேட்டேன்? வயது முப்பத்தொன்று. பதினைந்திலிருந்து இதைத் தவிர வேறொன்றும் தெரியாது. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 12
ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். கணவர் பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசுகிறார்.
"யாரு?"
"ஆபீஸ்ல."
லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு இத்தனை ஆபீஸ் பேச்சா? அவர் குளிக்கப் போனதும் ஊன்றுகோலை ஊன்றி நடந்து போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. பிசியோ. ஒரே நாளில் மூன்று தடவை.

பிப்ரவரி 13
கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

மார்ச் 6
நெட்டை வந்தாள் – இப்போது என் இடத்தில் ஆடுகிறவள். ஆப்பிள் வாங்கி வந்திருந்தாள். என் காலைப் பார்க்காமல் ஆப்பிளையே பார்த்துப் பேசினாள். பேச்சுவாக்கில் உளறிவிட்டாள்: "பிசியோ சார் அப்பவே கோச்கிட்ட சொன்னாராம்க்கா, உங்க முட்டி தாங்காதுன்னு."
அப்பவேன்னா எப்ப? தெரிஞ்சேதான் ஆட விட்டானுங்களா? நான் என்ன பலியாடா? இதுல இவரும் கூட்டா – ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு?

மார்ச் 9
கிளப்புக்குப் போய்ப் பிசியோவிடம், அந்தத் தாள்களைக் காட்டுங்கள் என்றேன். மறைப்பார் என்று நினைத்தேன். அவர் உடனே ஃபைலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.
நாற்பத்தொரு நாள். நாற்பத்தொரு சைபர். எல்லாம் என் கையெழுத்து. ஓரத்தில் அவருடைய சிவப்புப் பென்சில். 'இடது காலை இழுக்கிறாள்.' 'மறுபடி கேட்டேன். வலியில்லை என்கிறாள்.' 'கணவரிடம் கேட்டேன். வீட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறாளாம். ஸ்கேன் அவசியம்.' அதன் கீழே கோச்சின் கிறுக்கல்: 'அவளே சைபர் போட்டிருக்கிறாள். ஆடட்டும்.'
கோச்சை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சைபரை அவர் போடவில்லை.
வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டேன். "ஏன் என்கிட்ட சொல்லல?"
"சொன்னேன். டிசம்பர்ல. நீ மூணு நாள் என்னோட பேசல."
ஞாபகம் இருக்கிறது. நான் ஆடுறது உங்களுக்குப் பொறுக்கலன்னு கத்தினேன்.
"இப்ப போன்ல என்ன பேச்சு?"
"எந்தப் பயிற்சி செஞ்சா உனக்கு வலிக்குதுன்னு கேக்குறாரு. நீதான் சொல்ல மாட்டியே."
குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 2
கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கினேன். கீழே கணவர் சும்மா நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

நவம்பர் 10
கிளப் கொடுத்த கெடு இன்று. பயிற்சி ஆட்டத்தில் ஆடிக் காட்டினால் ஒப்பந்தம், இல்லாவிட்டால் இல்லை. காலையில் எழுந்தபோது முட்டி வீங்கியிருந்தது.
கதவுத் தாளின் முன்னால் பேனாவோடு நின்றேன். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான்கு என்று எழுதினேன்.
கோச் பார்த்தார். "யோசிச்சுதான் போட்டியா?"
"யோசிக்காமதான் சார் இத்தனை நாள் போட்டேன்."
பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பதினாறு வருஷம், அவ்வளவுதான்.
தாளில் என் பெயருக்குக் கீழே நெட்டையின் சைபர். அவள் நன்றாகத்தான் ஆடினாள். முடிந்து வெளியே வரும்போது பார்த்தேன் – கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் பார்ப்பது தெரிந்ததும் வெடுக்கென்று கையை எடுத்துவிட்டாள்.
சொன்னால் பொறாமை என்பாள். பொறாமையே இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியுமா? தெரியவில்லை. திரும்பிப் பிசியோவின் அறைக்குப் போனேன்.

நவம்பர் 14
லாக்கரைக் காலி செய்தேன். நெட்டைக்கு ஸ்கேன் எடுத்துவிட்டார்களாம். தசைநார் இன்னும் அறுந்துபோகவில்லை. ஆறு வாரம் ஓய்வு, பிறகு ஆடலாம் என்றார் பிசியோ.
வாசலில் எதிரே வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். டிசம்பரில் கணவரோடு பேசாமல் இருந்தது எனக்கு மூன்று நாள்தான் தாங்கியது. அவள் இன்றோடு நாலாவது நாளாக என்னோடு பேசவில்லை.