மூங்கில் முனைகளில் மழைநீர்

பைக்பாடா, கல்கத்தா
ஞாயிறு பகல்

என் செல்லம் புபாய்க்கு,

நீயும் மருமகள் பரோமாவும் குட்டி ஜினுக்கும் அந்தக் கால்கரிக் குளிரில் சளி, இருமல் எதுவும் அண்டாமல் இருக்க மா காளி துணையிருக்கட்டும். நாங்களும் நலம் என்றுதான் எழுதவேண்டும், அப்பாவுக்கு முட்டிவலி, எனக்கு அலுப்பு, மற்றபடி ஓடுகிறது. போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம். பொறுமையாகப் படி.

துர்கா பூஜைப் பந்தலுக்கு நம் சந்தில் எப்போதோ மூங்கில் நட்டாயிற்று. இந்த வருஷம் பந்தலே மூங்கில் காடாம், பரிசு வாங்கியே தீருவார்களாம், அதனால் அறுத்த முனைகள் எல்லாம் மூடாமல் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. பெய்கிற மழைக்குக் கேட்கவேண்டுமா, ஒவ்வொரு முனையிலும் ஒரு டம்ளர் தண்ணீர். கொசு ஒழிப்புக்காக மாநகராட்சியிலிருந்து வீடு வீடாக வரும் மௌசுமி என்ற பெண் நம் மொட்டைமாடியிலிருந்து எட்டி ஒரு மூங்கிலில் கரண்டியை விட்டு மொண்டாள், அத்தனையும் நெளியும் புழு. “அத்தை, மணல் போட்டு அடைக்கலேன்னா இதெல்லாம் டெங்குக் கொசுவாப் பறக்கும்” என்றாள். பூஜைக் கமிட்டிச் செயலாளர் நிருபேனிடம் இரண்டு பேருமாகப் போய் நின்றோம். “முனைய அடைச்சா அது மூங்கில் காடா அண்ணி, மணல் கடையா? புகை அடிக்கச் சொல்றேன், நிம்மதியா இருங்க” என்று சிரித்தான். புகை அடித்தார்கள், சந்து முழுக்க இருமிவிட்டுத் திருப்திப்பட்டது, தண்ணீர் அங்கேயேதான் நிற்கிறது. நானே மணல் வாங்கி, பந்தல்காரர்களுக்கு டீ கொடுத்துக் கெஞ்சி ஒரு வரிசையை அடைக்க வைத்தேன், சாயங்காலமே கமிட்டிக்காரர்கள் அதைத் தட்டிக் கொட்டிவிட்டார்கள். அப்பாவுக்கு என்மேல்தான் கோபம், “அம்மன் காரியத்துல மண்ணள்ளிப் போடறியே, உனக்கு வேற வேலை இல்லியா” என்கிறார்.

அப்புறம் கீழ்வீட்டு ஷெஃபாலி டெங்குக் காய்ச்சலில் படுத்தாள். ராத்திரி கொசுவலை கட்டாமல் தூங்கவே மாட்டாள், பாவம், இந்தக் கொசு பகலில் கடிக்கிறதே, வாசலில் உட்கார்ந்து கீரை ஆயும்போது வலையா கட்டிக்கொள்வாள்? ரத்தத்தில் தட்டணு குறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நிருபேன் இளநீரோடு வந்து, “தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாங்களே, அங்கதான் கடிச்சிருக்கும், நம்ம சந்துக் கொசு அப்படிப்பட்டது இல்ல” என்கிறான். கொசுவுக்கும் குலம் கோத்திரம் பார்க்கிறான், இவனிடம் என்ன பேச? கத்திக் கத்தி என் தொண்டைதான் வற்றியது புபாய், எனக்கு இனித் தெம்பில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காலேஜில் படிக்கும்போது உனக்கு டெங்கு வந்ததே, மறுபடி வந்தால் முதல் தடவை மாதிரி இருக்காது, ஜாக்கிரதை என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். பூஜைக்கு நீங்கள் இறங்கப்போவது இந்தச் சந்தில், ஜினுக் பகலெல்லாம் விளையாடப்போவது அந்தப் பந்தலில். அதனால் வராதே கண்ணா. டிக்கெட்டை மாற்றிக்கொள், குளிர்காலத்தில் வா. எழுதும்போதே கை கூசுகிறது, பேத்தியை நான் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. அப்பா வருகிற போகிறவர்களிடம் எல்லாம் என் மகன் வருகிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் தடுத்தேன் என்று தெரிந்தால் தாங்கமாட்டார். லீவு கிடைக்கவில்லை என்று நீயே போன் செய்து சொல்லிவிடு. நானும் அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி அழுதுகொள்கிறேன், அதற்கு நடிக்க வேண்டியிராது.

துர்கா அம்மன் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். பரோமாவை வேளைக்குச் சாப்பிடச் சொல். போன் செய்ய மறந்துவிடாதே, அப்பா உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறார், அதற்கு முன்பே சொல்லிவிடு.

உன் வரவுக்கு ஏங்கும்,
அம்மா